சனிக்கிழமை உன்னை எதிர்த்து நிற்கிறேன்

மகனே,

தலைவரே என்று தொடங்கலாமா என்று முதலில் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நீயும் உடனே திரும்பிப் பார்க்கிறாய். ஆனால் உன்னைச் சுமந்தவள் நான், பெற்றோர் சங்கம் இல்லை. அதனால் மகனே என்றே எழுதுகிறேன். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இது பாசக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்று பெற்றோர் வாட்சாப் குழுவில் நீ போட்ட குரல் பதிவைப் பிள்ளைகள் எல்லாரும் வேனை விட்டு இறங்கிய பிறகு கேட்டேன். "அம்மாவுக்கு வயசாச்சு. யாரோ பின்னால இருந்து தூண்டி விடுறாங்க. இது எங்க வீட்டு விசயம், நான் பேசிக்கிறேன். யாரும் பெருசா எடுத்துக்காதீங்க லா" என்கிறாய். நடுவில் ஒரு சிரிப்பு வேறு. வீட்டு விஷயம் என்றால் வீட்டுக்கு வந்து பேசியிருக்க வேண்டும். உன் தாமான் குடியிருப்புக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் நிலையமும் ஒரு சந்திப்பும்தான் இருக்கின்றன. நீ குழுவில் பேசினாய், அதனால் நானும் குழுவிலேயே பதில் சொல்கிறேன். குரல் பதிவில் சொல்லமாட்டேன். என் குரலில் கோபம்தான் முதலில் வரும், காரணம் வந்து சேர்வதற்குள் ஆட்கள் அணைத்துவிடுவார்கள். பள்ளி விடும்வரை வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவள் நான். அந்த நேரத்தில் எழுதியது இது. நீளமாகத்தான் இருக்கும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்கும் விளங்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவராக இரண்டு முறை இருந்துவிட்டு மூன்றாம் முறையும் நிற்கிறவன் என் மூத்த மகன். அவன் மகள் ஜெனி பாலர் வகுப்பில் இருந்தே இங்கேதான், இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என் கடைக்குட்டி ரோசலின் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பள்ளியில் அத்தையும் மருமகளும் ஒரே கேண்டீன் வரிசையில் நின்று மீகோரெங் வாங்குகிறார்கள் என்று ஆசிரியர்கள் கூடக் கேலி செய்வார்கள். நாற்பது வயதில் நான் பிள்ளை பெற்றபோது ஊர் சிரித்தது. நீயும் வெட்கப்பட்டாய், மாதா கோயில் பூசைக்கு என்னோடு ஒரே வரிசையில் உட்காரமாட்டாய். அன்று பெற்ற பிள்ளையால்தான் இன்று எனக்கு இந்தச் சங்கத்தில் ஓட்டும் இருக்கிறது, நிற்கும் உரிமையும் இருக்கிறது. யாரும் தூண்டிவிடவில்லை. ஐம்பதைத் தாண்டியவள் பிறத்தியார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரிய சாலையில் வேன் ஓட்டலாம், ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கக்கூடாது என்றால் அது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

நம் பள்ளியில் தலைவர் தேர்தல் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியாததா? பொதுக்கூட்டத்துக்கு முந்தின வாரம் உன் வீட்டில் ஆட்டுக்கறி பிரட்டல். யார் தலைவர், யார் செயலாளர், யார் பொருளாளர் என்பதெல்லாம் எலும்பைக் கடித்துக்கொண்டே முடிவாகிவிடும். கூட்டத்தன்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். பிறகு லக்கி டிரா. ரைஸ் குக்கர் யாருக்கு விழுகிறது என்று பார்க்கத்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். போட்டி என்று யாராவது வாயெடுத்தால், "நம்ம ஆளுங்க நமக்குள்ளயே மோதிக்கிட்டா வெளிய என்ன நெனைப்பான்" என்று உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கறியை இரண்டு முறையும் சமைத்தவள் நான். உன் வெற்றிக்கு மசாலா அரைத்த கை இது. இந்த வருடம் அரைக்கவில்லை. உன் செயலாளர் குணாவின் மனைவி சமைத்தாளாம். உப்பு தூக்கலாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் என் வேன் திகாம் பத்து ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தாமான் வீடுகளைச் சுற்றிவிட்டு, பெரிய சாலையில் ஏறிப் பள்ளிக்கு வரும். போகிற வழியில் கண்ணில் படுகிற பலகைகளை வாசிப்பது எங்கள் வேனில் ஒரு விளையாட்டு. சாலைப் பலகை, லோரிக்குப் பின்னால் எழுதியிருப்பது, டுரியான் கடை அட்டை, யான் ஊர்ப் பக்கம் திரும்பச் சொல்லும் பச்சைப் பலகை, எதுவானாலும் சரி. முதலில் சரியாக வாசிப்பவருக்கு மறுநாள் என் பக்கத்து இருக்கை. அந்த இருக்கைக்கு எப்போதும் அதே இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. மற்றவர்கள் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். மாடு கடக்கும் இடம், கவனம் என்று மலாயில் எழுதி மாட்டுப் படம் போட்ட பலகையைப் பார்த்து ஒருவன் "பால் கடை" என்றான். வேன் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவன் நான்காம் ஆண்டு என்பது நினைவுக்கு வந்தது. மலாய்தான் தகராறு, தமிழாவது வருமா என்று பார்த்தால், கோயில் திருவிழா பேனரையும் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வேன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

ரோசலின் இந்த விளையாட்டில் சேரமாட்டாள். வேன் கதவைத் திறந்துவிடுவது, சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்பது, யார் பையை மறந்தார்கள் என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. "எனக்கு வேல இருக்கு லா, நீங்க வெளையாடுங்க" என்பாள். பொறுப்பான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தர்ஷினியைப் பற்றி. அவள் அம்மா செல்வி செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். திருக்குறள் மனனப் போட்டி என்றால் தர்ஷினிதான். மேடை ஏறினால் மூச்சு விடாமல் கொட்டுவாள். நம் பள்ளிக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் பாதி அவள் தொண்டையில் இருந்து வந்தவை. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் உன் படத்தையும் போட்டு, பள்ளி வாசலில் பேனர் கட்டினாய். இந்த வருடம் அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். அங்கே ஒரு மலாய்ப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். பிள்ளை நின்றுகொண்டே இருந்தாளாம். ரிமூவ் கிளாஸ் என்கிற புகுமுக வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் வயது மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் முதலாம் படிவத்தில் இருக்க, இவள் ஒரு வருடம் மலாய் கற்றுக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். அவள் தம்பியை ஏற்ற நான் லயத்துக்குப் போகும்போது அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். "வேன் ஆண்ட்டி கேட்டா நான் ஃபார்ம் ஒன்னுன்னு சொல்லிடும்மா" என்று செல்வியிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம். பேனர் இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. தினமும் அதன் கீழேதான் நான் வேனைத் திருப்புகிறேன்.

இதைச் சொல்ல உன்னிடம்தான் முதலில் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "ஒரு வருசந்தானம்மா. அங்க போயி கத்துக்குவாங்க. நான் போகலயா, இப்ப கெட்டா போயிட்டேன்?" என்றாய்.

போனாய் மகனே. அந்த வருடத்தை நீ மறந்திருக்கலாம், உனக்குச் சோறு போட்டவள் நான் மறக்கவில்லை. பள்ளியில் இருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிச் சுவரில் அடிப்பாய். கூட்டாளிகள் வீட்டு வழியாக வராமல் ரப்பர் காட்டைச் சுற்றிக்கொண்டு வருவாய். "ரிமூவ் கிளாஸ் ரிமூவ் கிளாஸ்" என்று பாடிய பையனின் சைக்கிளைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளினாய், அவன் அப்பாவிடம் போய் நான் தலை குனிந்து நின்றேன். அப்போதுதான் உன்னைக் கையைப் பிடித்து குருண் பசார் மாலாமுக்கு, அந்த இரவுச் சந்தைக்கு, இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு கடையிலும் அட்டையில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசித்தால்தான் அடுத்த கடைக்கு நகர்வோம் என்றேன். ஆட்கள் நின்று பார்த்தார்கள். நீ அழுதுகொண்டே வாசித்தாய். வாரா வாரம் போனோம். ஒருநாள் ஆப்பாம் பாலிக் அப்பம் சுடுகிற மலாய்க்கார மக் சிக் உன்னை நிறுத்தி, தன் கடை அட்டை முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "டா பண்டாய் டா" என்று சூடாக ஒன்றை மடித்துக் கொடுத்தார். கெட்டிக்காரனாகிவிட்டாயாம். வீடு வரும்வரை அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாய்.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ இதை எடுத்தாய். "சின்ன வயசுல பசார்ல வச்சு அத்தன பேரு முன்னால என்ன அசிங்கப்படுத்துனீங்க. அதுக்கு ஒரு சாரியாச்சும் சொல்லுங்கம்மா." கல்யாண வீடு என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இன்று எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்: சொல்லமாட்டேன். அந்த அசிங்கத்தில்தான் நீ இன்றைக்குச் சுங்கைப் பட்டாணி டவுனில் காப்புறுதி முகவராகக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்பது வழக்கம். அதற்காகக் கீழே கீழே தேடாதே, அது இதில் இல்லை.

நான் கேட்டது பெரிய காரியம் இல்லை. சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தைத் திறந்துவிடு, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மலாயும் தமிழும் வாசிப்பு வகுப்பு வைப்போம், பிள்ளைகளைக் கொண்டுவருவது என் பொறுப்பு என்றேன். "சனிக்கெழம டான்ஸ் பிரெக்டிஸ்மா, நம்ம தொகுதி ஒய்.பி. வராரு" என்றாய். சரி, நூலகத்தைக் கொடு என்றேன். சாவி குணாவிடம் இருக்கிறது என்றாய். குணாவிடம் போய் வாங்கித் திறந்து பார்த்தேன். உள்ளே ஆட்டத்துக்கான பாவாடைகள், காகித மாலைகள், ஒலிபெருக்கிப் பெட்டி, போன வருடம் யாரோ பெரிய மனிதர் கொடுத்ததாகப் படம் பிடித்துக்கொண்ட ஆளுயர அட்டைக் காசோலை. புத்தக அலமாரியைக் காசோலை மறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் நுழைய முடியாத நூலகத்தில் அது மட்டும் வசதியாகச் சாய்ந்திருந்தது. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வகுப்பு நடக்கிற நேரத்திலேயே ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனால் அவர்கள் யாருக்குப் பாடம் நடத்துவார்கள்? முன்பெல்லாம் ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு பெரிய அரசாங்கச் சோதனை இருந்தது, குட்டு அங்கேயாவது உடைபடும். அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்த்தான் உடைகிறது, அதுவும் பிள்ளையின் தலையில்.

அப்போது நீ சொன்ன ஒரு வார்த்தையை நான் மறைக்கமாட்டேன், அதில் நியாயம் இருந்தது. "நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலன்னு நீங்களே வெளிய சொன்னா, அடுத்த வருசம் யாரும்மா பிள்ளைய சேப்பாங்க? எல்லாம் சீனப்பள்ளிக்குப் போயிடும். ஆளு கொறஞ்சா கதவ மூடிருவாங்க. அதுக்கப்புறம் யாருக்கு வகுப்பு வப்பீங்க?" தோட்டம் காலியானதும் பள்ளிக்கூடம் காலியானதை நானும் பார்த்தவள். இந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால் வாயை மூடிக்கொண்டு வேனை ஓட்டினேன். நான் சமைத்துப்போட்ட கறியை விட அந்த மௌனம்தான் உனக்குப் பெரிய உபகாரம். ஆனால் யோசித்துப் பார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் வீட்டுக்கு விலை போகாது என்று உள்ளே நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பானா ஒருவன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாக இருந்தால் சோறாவது நிறைய வேண்டும். நம் தட்டில் அதுவும் இல்லை.

இவ்வளவு வரைக்கும் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். கோபம் வந்தது இதற்குப் பிறகு.

வேன் விளையாட்டில் ஜெயிக்கும் அந்த இரண்டு மூன்று பேரில் ஜெனி ஒருத்தி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை, லோரி கடந்து போவதற்குள் அதன் முதுகில் இருக்கும் நாலு வரியையும் வாசித்துவிடுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மூளை எங்க பக்கம்" என்று உன் மாமியார் சொன்னதற்குக் கூடத் தலையாட்டினேன். ஒருநாள் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தவளிடம், "எப்புடிடி செல்லம் இவ்வளவு வேகமா படிக்கிற?" என்று கேட்டேன். "டியூஷன் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க பாட்டி" என்றாள். சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாக, "நீச்சல் கிளாஸ்னுதான் சொல்லணும்னு அப்பா சொல்லிருக்காரு" என்றாள்.

நீச்சல் வகுப்பு. பள்ளி விட்டதும் ஜெனி என் வீட்டில் சாப்பிடுவாள், நீ வந்து சுங்கைப் பட்டாணிக்கு நீச்சலுக்கு என்று உன் காடியில் ஏற்றிக்கொண்டு போவாய், வகுப்பு முடிந்து உன் மனைவி வேலை விட்டு வரும்வரை மறுபடி என் வீட்டில் விட்டுப் போவாய். எண்ணெய் வைத்துப் பின்னிய சடை போனபடியே திரும்பி வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. இப்போதெல்லாம் தலைக்கு ஏதோ உறை போடுகிறார்களாம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டுக்கொள், ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். நல்லவேளை, அந்த ஒரு பாடத்தில் அவள் தேறவில்லை.

நீ உன் மகளுக்கு டியூஷன் வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எந்த அப்பனும் செய்வதுதான், அவள் என் பேத்தி, நன்றாக இருக்கட்டும். என் ஆத்திரம் வேறு. இந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் முன்னால் உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காடியை எடுத்துக்கொண்டு ஓடினாய். மேடையில் ஏறி, "நம்ம பள்ளியோட தரத்தப் பத்தி யாரும் கவலப்பட வேணாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கீழே இறங்கியதும் உன் பிள்ளையை மட்டும் பின்வாசலால் கரையேற்றினாய். ஊருக்குத்தான் உபதேசம். உன்னை நம்பி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் செல்வி மாதிரி ஆட்கள். அவர்களிடம் காடியும் இல்லை, சுங்கைப் பட்டாணிக்குப் போக நேரமும் இல்லை. தலைவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று தர்ஷினிக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தாள்.

இனி ரோசலின். அவளிடமும் கேட்டேன். "எழுதுங்கம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சா நானும் மறைக்க வேணாம்" என்றாள். ஜெனி உளறிய அன்றைக்கே வீட்டுக்குப் போனதும் உன் அப்பாவின் மருந்து உறையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கிளினிக்கில் கொடுக்கும் மருந்து. நான் வேனில் போய்விட்டால் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். "என்னடா எழுதியிருக்கு, வாசி" என்றேன். உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வெள்ள மாத்திர சாப்பாட்டுக்கு முன்னால, மஞ்ச மாத்திர ராத்திரிக்கு" என்றாள். நான் என்றோ வாயால் சொல்லிவைத்ததை ஒப்பித்தாள். உறையில் இருந்தது வேறு. போன தடவை மருத்துவர் மாற்றி எழுதியிருந்தார், அதை அவள் வாசித்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை. தேர்ச்சி அட்டையில் நல்ல நிலை என்று போட்டிருக்கிறது. "திட்டாதீங்கம்மா, கிளாஸ்ல என்ன யாரும் வாசிக்கச் சொல்லிக் கேக்கல" என்றாள். வேனில் அவளுக்கு ஏன் எப்போதும் வேலை இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் திட்டவில்லை. ஜெனி டியூஷனுக்குப் போவதைச் சொன்னேன், நீயும் போயிருந்தால் தேறியிருப்பாய் என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும்மா. ஜெனி எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா." தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறாள். நீ வரும்போதெல்லாம் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறாள். பிறகு கேட்டாள், "அண்ணன் காடியில பின்னால எடம் இருக்குல்லம்மா. ஏன் என்னக் கூட்டிட்டுப் போகல?"

எனக்குப் பதில் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு போனால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் வேனுக்குத் தெரிந்துவிடும், வேனுக்குத் தெரிந்தால் லயத்துக்கே தெரிந்துவிடும். உன் நாற்காலி ஆடக்கூடாது என்பதற்காக உன் கூடப் பிறந்தவளைக் கேட்டருகே நிறுத்திவிட்டுப் போனாய். ஆனால் இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி அவள் மனதில் இருப்பதை என் வாயால் கெடுக்க எனக்கு இஷ்டம் இல்லை.

இதற்கு நடுவில் உன் குணா லயத்தில் வீடு வீடாகப் போய், "வேன மாத்திக்குங்க, கெழவிக்குக் கண்ணு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். சிலர் மாற்றிக்கொண்டும் விட்டார்கள். என் பிழைப்பில் கை வைத்தால் அடங்கிவிடுவேன் என்று உங்கள் கறி விருந்தில் முடிவானதோ என்னவோ. உனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் நீ என்ன தலைவன், தெரிந்தே நடந்தது என்றால் நீ என்ன மகன்? இரண்டில் எது என்பதை நீயே வைத்துக்கொள், எனக்குச் சொல்ல வேண்டாம். பெற்றவள் என்ற முறையில் ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன். ஆளை அடக்க வேண்டுமானால் அவளிடம் இன்னும் இழக்க ஏதாவது மிச்சம் இருக்கும்போதே அடக்கிவிடு. எல்லாவற்றையும் பறித்த பிறகு மிரட்டினால் அவளுக்குப் பயம் வராது.

தோட்டத்து ஆட்கள் பொதுக்கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்பது உங்கள் எல்லாருடைய நம்பிக்கை. பஸ் கிடையாது, மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு வர முடியாது, வந்தவர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து ரைஸ் குக்கரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்தச் சனிக்கிழமை என் வேன் ஓடும். குணாவின் பேச்சைக் கேட்டு வேன் மாற்றியவர்களும் ஏறிக்கொள்ளலாம், முகம் சுளிக்கமாட்டேன். நான் ஜெயித்தால் செய்யப்போவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூலகம் திறக்கும், பாவாடைகள் குணா வீட்டுக்குப் போகும். வகுப்பு நேரத்தில் ஒத்திகை வேண்டாம் என்று சங்கம் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேட்கும். சனிக்கிழமை மண்டபம் வாசிப்புக்கு. ஒவ்வொரு பிள்ளையும் தவணைக்கு ஒரு முறை அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், கேட்டு அழுகை வந்தாலும் பரவாயில்லை. வாசல் பேனரை நானே ஏணி போட்டு அவிழ்ப்பேன். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பழியை என் மேல் போடு. தாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்கிறேன், பெற்ற கடனுக்கு. ரோசலினை முன்வரிசையில் உட்காரவைப்பேன். ஓட்டுக்கு முன்னால் அவள் எழுந்து, காடியில் பின்னால் இடம் இருந்ததே என்ற அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பாள். அவளே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மைக் உன் கையில்தான் இருக்கும். சங்கத்துக்குச் சொல்கிற பதிலைச் சொல்லாதே, அவளுக்குச் சொல். உன் பதில் போதும் என்று அவள் தலையாட்டிவிட்டால் அந்த இடத்திலேயே என் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என் வேனில் வந்தவர்களையும் உனக்கே கை தூக்கச் சொல்கிறேன். இதில் விளையாட்டு இல்லை. இத்தனை பேர் பார்க்கும் குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று மாலையும் நீ வந்தாய். குழுவில் என்னைப் பற்றிப் பேசிவிட்டு, நான் அதை இன்னும் கேட்டிருக்கமாட்டேன் என்ற தைரியத்தில் வந்தாய். ஜெனியை ஏற்றிக்கொண்டாய். ரோசலின் கேட்டைத் திறந்துவிட்டாள். நீ கண்ணாடியை இறக்கி, "தேங்க்ஸ்டா குட்டி" என்றாய். அவள் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே உன் கோட்டு கிடந்தது. காடி சந்திப்பில் திரும்பும்வரை நின்றுவிட்டு, பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

இப்படிக்கு,
உன்னையும் ரோசலினையும் பெற்றவள்